வலிக்குதா என்று கேட்காதே

கிறிஸ்மஸ் விடியற்காலை. மழை விட்டுவிட்டது, கொல்லையில் வேப்பமரம் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பீரோக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். பட்டுப்புடவை கட்டியாயிற்று. இடது கையில் சீப்பு. வலது கை தோள் உயரம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வர மாட்டேன் என்று அந்தரத்தில் நிற்கிறது.

கண்ணாடிக்குள் என் மகள் ஜெனி தெரிகிறாள். மஸ்கட்டிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தாள். அறை வாசலில் நின்று என் கையையே பார்க்கிறாள். அவள் வாய் திறக்கிறது.

என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆண்டவரே, அதை மட்டும் இவள் கேட்டுவிடக் கூடாதே என்று நின்றேன்.

அது என்ன கேள்வி, அதற்கு ஏன் இத்தனை பயம் என்று சொல்ல வேண்டுமானால், இந்தக் கையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "ஊரார் கை காலைப் பற்றியே எழுதுறீங்களே டீச்சர், உங்க கைக்கு என்னாச்சு?" என்று, என் பத்தியைப் படித்துவிட்டுப் போன வாரம் போன் செய்து கேட்ட வாசகிக்கும் இதுதான் பதில். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். எனக்கு நேர்வழியில் பேச வராது.

முதுகு நிமிரும் ஊர்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நன்னிலம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எஸ்தர் என்று கேட்டால் தபால்காரர்கூட யோசிப்பார். 'விசில் டீச்சர்' என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

கடைத்தெருவில் நான் நடந்து போனால் ஒரு வேடிக்கை நடக்கும். இடுப்பில் பேரப்பிள்ளையோடு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிற பெண்மணி, என்னைப் பார்த்ததும் சட்டென்று முதுகை நிமிர்த்துவாள். நிமிர்த்தினது அவளுக்கே தெரியாது. எப்போதோ நான் ஊதின விசில் அந்த முதுகெலும்புக்குள் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான்; மறைப்பானேன்?

மாஸ் டிரில் தெரியுமல்லவா? ஆண்டு விழாவில் மொத்தப் பள்ளிக்கூடமும் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று, எண்ணிக்கைக்கு ஏற்பக் கையைத் தூக்கி இறக்கும். மேடையில் நான். பிள்ளைகள் எனக்கு எதிரே. இதில் ஒரு சங்கதி உண்டு. எதிரே நிற்கிற பிள்ளைகள் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் செய்வார்கள். ஆகவே 'வலது கை' என்று நான் கத்தும்போது இடது கையைத் தூக்க வேண்டும். 'இடது கை' என்றால் என் வலது கை போக வேண்டும். வாய் ஒன்று சொல்லும், கை இன்னொன்று செய்யும். பி.டி. டீச்சர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு.

ஜெனி என் பள்ளியில்தான் படித்தாள். முன் வரிசை. இடது என்றால் வலது கையைத் தூக்குவாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே தப்பு. "இடதுடி, கழுதை!" என்று நான் கத்த, மைதானமே சிரிக்கும். அந்த நேரத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் டீச்சர் என்று கூப்பிடக் கூடாது, அம்மாதான். பிள்ளை எப்படித்தான் சமாளித்ததோ!

சும்மா இருந்த கை

இனிமேல் கை. விழவில்லை, அடிபடவில்லை. உடம்பில் சர்க்கரை இருக்கிறது, அது போதுமாம். ஆடி மாதம் ஒருநாள் ஜாக்கெட் கொக்கி போடும்போது தோளில் சுருக்கென்றது. அப்புறம் கொடியில் துணி போட முடியவில்லை. ஆவணி முடிவதற்குள் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை.

ஊர் முழுக்க என்மேல் பாசம் வைத்திருந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. ஒருத்தி சாம்பார் கொண்டுவருவாள், ஒருத்தி வாசல் கூட்டுவாள். வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "கையை அசைக்காதீங்க டீச்சர்" என்றார்கள். நானும் ஒரு துண்டைக் கழுத்தில் கட்டி, கையை அதில் தொட்டில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மரகதம் தினமும் தவிட்டை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுப்பாள். சுகமாகத்தான் இருக்கும். ஒத்தடம் ஆறியதும் வலி முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக வந்து உட்காரும்.

இத்தனைக்கும் நான் யார்? வயிற்றுவலி என்று மாதா மாதம் சுருண்டு படுக்கிற பெண்களை, "எழுந்திரு, பேசிக்கிட்டே நடப்போம்" என்று மைதானத்தைச் சுற்றிக் கூட்டிப்போனவள். பாதி சுற்றுக்குள் அவர்கள் அக்காவின் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தில் களை வந்துவிடும். கபடியில் ஒருத்தி, சுண்டுவிரல் பிசகினது தெரியாமலே கடைசிவரை ஆடி ஜெயித்தாள். விசில் ஊதினதும் விரலைப் பார்த்தாள். அப்போதுதான் "ஐயோ அம்மா!" என்று அலறினாள். அசையும்போது வலிக்குக் கொஞ்சம் மறதி வருகிறது, அசையாமல் உற்றுப் பார்த்தால் அதற்கு ஞாபகம் வந்துவிடுகிறது என்று எனக்கு அப்போதே தெரியும்.

தெரிந்து என்ன? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். என் கை என்று வந்ததும், வலி வருவதற்கு முன்னாலேயே பயம் வந்து நின்றது. கை அரை அடி நகர்வதற்குள் பல்லைக் கடித்துவிடுவேன்.

திருவாரூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் பிசியோதெரபி என்று அனுப்பினார். பிசியோ செய்கிற தம்பி நல்ல பிள்ளை; பொறுமைசாலி. என்னைப் படுக்கவைத்து, "இப்ப நீங்களே தூக்குங்கம்மா" என்றான். கொஞ்சம் தூக்கினேன். "போதும். கையை என்கிட்ட விட்டுருங்க. உங்க ஊர்ல சம்பா எப்படி?" என்று பேச்சுக் கொடுத்தபடியே கையை ஏந்தி மெதுவாகக் கொண்டுபோனான். பார்த்தால், கை காதுக்குப் பக்கத்தில் இருந்தது!

"நீங்க தூக்கினா இங்க வரைக்கும். நான் தூக்கினா இங்க வரைக்கும். நடுவுல பிடிச்சிக்கிட்டு இருக்கிறது யாரும்மா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் நடிக்கிறேங்கிறியா?"

"ஐயோ, இல்லம்மா. வலி நிஜம். மூட்டு இறுக்கமும் கொஞ்சம் நிஜம். மீதி, உங்க மூளை போட்ட காவல். ஆபத்து இல்லன்னு அதுக்கு நம்பிக்கை வரணும். கை அசைய அசையத்தான் அது நம்பும். இழுத்துப் பிடுங்காதீங்க, ஆனா சும்மாவும் வெக்காதீங்க."

வீட்டுக்கு வந்து துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன். இடது கையால்தான்.

மஸ்கட்டிலிருந்து ஒரு கேள்வி

ஜெனி தினமும் வீடியோ காலில் வருவாள். முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "கை வலிக்குதாம்மா?"

அந்த நிமிஷம் வரைக்கும் வலி இல்லாமல்தான் இருந்திருப்பேன். அவள் கேட்டதும், பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அது எழுந்து வந்துவிடும். "தூக்கிக் காட்டு" என்பாள். போன் திரையில் என் கையை நானே பார்ப்பேன். பார்த்த மாத்திரத்தில் அது மரமாகிவிடும். கீழே விழுந்த குழந்தை சுற்றும் முற்றும் பார்த்து, யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அழுமே, அந்தக் கதைதான்.

"யார் தலை பின்னி விடுறா?"

"மரகதம்."

"மரகதம் அத்தை எத்தனை நாளைக்குச் செய்வாங்க? அவங்களுக்கு வயல் இல்லையா, வீடு இல்லையா?" போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "அம்மா, கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னே கட்டின ஃபிளாட் ஒண்ணு பார்த்திருக்கேன். சாப்பாடு, டாக்டர், நர்ஸ் எல்லாம் உள்ளேயே. கிறிஸ்மஸுக்கு வரேன். உன் கை அப்பவும் இப்படியே இருந்தா, கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். தன் தலையைத் தானே முடிஞ்சிக்க முடியாத அம்மாவை எந்தத் தைரியத்துல தனியா விட்டுட்டு நான் ஃபிளைட் ஏறுறது?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் அப்பா போனபிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி, அவளுக்கு இருப்பது நான் ஒருத்தி.

ஆனால் கோயம்புத்தூரில் நான் நடந்தால் யார் முதுகை நிமிர்த்துவார்கள்? அங்கே நான் யாரோ ஒரு கிழவி. எனக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டு அழக்கூட அழுதேன். வலியால் இல்லை.

மரகதத்தின் இடுப்பு

மரகதம் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். வாய்த்துடுக்கு. கைகாரி. சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்கிற குடும்பம். ஐப்பசி நடவு முடிந்து, களை எடுப்புக்கு ஆள் போதாமல் அவளே இறங்கியிருந்த நேரம். ஒருநாள் காலையில் எனக்குத் தலை வாரிக்கொண்டே புலம்பினாள்.

"வயல்ல குனிஞ்சு நிக்கிறப்ப இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல டீச்சர். கரையேறி டீ குடிக்க உக்காந்தேனா, போச்சு. எந்திரிக்கிறதுக்குள்ள உசுரு போவுது."

"உக்காராதே. கரையிலேயே நடந்துக்கிட்டே டீயைக் குடி."

"ஊருக்கு உபதேசமா?" என்று என் வலது கையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பிள்ளைங்களுக்கு ஒரு டிரில்லு சொல்லிக் குடுப்பீங்களே, நான் படிக்கிற காலத்துல நீங்க வரல. எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்க. இடுப்புக்கு நல்லாருக்கும்ல?" என்றாள்.

கொல்லையில் அவளை எதிரே நிறுத்தினேன். பீரோவில் கிடந்த விசிலைத் தேடி எடுத்தேன். அதை வாயில் வைத்ததும் எனக்கே முதுகு நிமிர்ந்தது.

முதல் சில நாட்கள் 'வலது கை' மட்டும்தான் சொன்னேன். அப்போதுதானே எனக்கு இடது கை? இரண்டு பேருக்கும் சௌகரியம். மரகதம் விடுவாளா?

"எனக்கு ஒரு கைதானா? எடது கை என்ன பாவம் பண்ணுச்சு?"

சரி என்று, நான் கையைக் காட்டாமல் வாயால் மட்டும் "இடது கை, ஒன்!" என்றேன். அவள் வலது கையைத் தூக்கினாள்.

"இடது, மரகதம்."

மறுபடியும் வலது. எனக்குள் எங்கோ உச்சந்தலையில் சூடு ஏறியது. வருஷக்கணக்காக இந்தத் தப்பைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது, அதற்கு வயதாகவில்லை.

"இடது! இடதுன்னா இது!" என்று தூக்கிக் காட்டினேன்.

மரகதம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"டீச்சர்... கை. வலிக்கலையா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வலது கை காதுக்கு மேலே நின்றது. பார்த்ததுதான் தாமதம், மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி வந்து கை தொப்பென்று விழுந்தது. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மரகதம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "என் வாயில மண்ணைப் போட! நான் கேக்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு நின்னிருக்குமே!"

வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்தது. கை மேலே போயிற்றே! நான் தூக்கவில்லை, என் கோபம் தூக்கிற்று. வலி அங்கேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

பிசியோ தம்பியிடம் சொன்னபோது குதித்தான். "அதையே செய்யுங்கம்மா. எண்ணிக்கிட்டே, அவங்களைப் பார்த்துக்கிட்டே செய்யுங்க. உங்க கையைப் பார்க்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க."

அப்படித்தான் கார்த்திகை முழுக்கப் போயிற்று. மழை பெய்தால் சமையலறையில், விட்டால் கொல்லையில். மரகதத்துக்கு ஒரே ஒரு சட்டம்: 'வலிக்குதா' என்று கேட்கக் கூடாது. அவளும் கேட்கவில்லை. "டீச்சர், இன்னிக்கு வெண்டக்கா என்ன வெலை தெரியுமா?" என்று கேட்பாள். கடைசியில் அவள் எதிரே நின்று தன் கொண்டையைப் போட்டுக்கொள்ள, அவளைப் பார்த்தபடி நானும் என் கொண்டையைப் போட்டுவிடும் அளவுக்கு வந்தது. வலி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால், அது ஓரமாக இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. தனியாகக் கண்ணாடி முன்னால் நின்றால் முடியவில்லை. கண்ணாடியில் என் கை எனக்குத் தெரியும். போயிற்று, காவல் வந்துவிடும். கிறிஸ்மஸுக்குள் சரியாகிவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சரியாக முதல்நாள் பார்த்து மரகதம் தன் மகளுக்குப் பிரசவம் என்று கீழ்வேளூர் போய்விட்டாள்.

கண்ணாடிக்கு முன்னால்

ஆகவே அந்த விடியற்காலையில், கண்ணாடி, நான், அந்தரத்தில் நிற்கும் கை, வாசலில் ஜெனி. ஆராதனைக்கு முதல் மணி அடித்தாயிற்று. கை இறங்கினால் கோயம்புத்தூர். அவள் வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

"அம்மா, வலிக்..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாளோ, மீதியை விழுங்கிவிட்டாள்.

அப்புறம் உள்ளே வந்து, எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் புகுந்து, என்னைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடி மறைந்தது. தன் கிளிப்பைக் கழற்றி முடியை அவிழ்த்துவிட்டாள்.

"நேத்து மரகதம் அத்தை போன்ல சொன்னாங்க, ஆளை எதிர்ல நிறுத்தி நீ டிரில் எடுக்கிறியாமே. எனக்கும் எடு டீச்சர்."

வீட்டுக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செருமிக்கொண்டேன்.

"அட்டென்ஷன்," என்றேன். நாற்பதைத் தாண்டிய பெண், கம்பெனியில் பெரிய வேலை, விறைப்பாக நிமிர்ந்து நின்றாள்.

"இடது கை. ஒன்!"

வலது கையைத் தூக்கினாள்.

வேண்டுமென்றே செய்தாளா, இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளைக்கு இடது வலது தெரியவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. "இடதுடி, கழுதை!" என்று வீடு அதிரக் கத்தினேன். கத்தும்போதே என் வலது கை மேலே போய்விட்டது.

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. என் கையைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, தன் இடது கையைத் தூக்கித் தலைக்குக் கொண்டுபோனாள்.

"டூ," என்றேன். "முடியைச் சேர்." சேர்த்தாள். சேர்த்தேன். "த்ரீ, முறுக்கு." தோளுக்குள் வலி முணுமுணுத்தது. அவள் முடியில் அங்கங்கே வெள்ளை எட்டிப் பார்த்தது; எப்போது வந்தது இது? அதைப் பார்த்துக்கொண்டே முறுக்கினேன். "ஃபோர், சுற்று." பீரோவிலிருந்து கொண்டை ஊசிகளை எடுத்து அவள்தான் வாயில் கவ்வியிருந்தாள், ஒன்றை என்னிடம் நீட்டினாள். வாங்கி நானே குத்தினேன்.

கை தானாக இறங்கியது. விழவில்லை.

ஜெனி நகர்ந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது காதோரம் ஒரு கற்றை முடி அகப்படாமல் தொங்கியது. பி.டி. டீச்சர் கண்ணுக்கு அது பொறுக்குமா? ஆனால் இன்னொரு தடவை தூக்க நேரமில்லை, இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.

கோயில் வாசலில் ஒரே கூட்டம். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். பழைய மாணவிதான். "தோத்திரம் டீச்சர்" என்றவள், ஜெனியிடம் குனிந்து, "அக்கா, டீச்சருக்குக் கொண்டை கோணலா இருக்கே, நான் சரி பண்ணி விடட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

ஜெனி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாங்க. அது எங்கம்மா அவங்களே போட்டது."